ஒரு கழித்தல் குறியின் பயணம்

1996 ஜூனில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘குவேக்’ ஆட்டத்தைக் கணினியில் ஏற்றினால், அதன் ஃபோல்டருக்குள் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். எந்த விசைக்கு என்ன வேலை, மவுஸுக்கு எவ்வளவு வேகம், ஒலி எவ்வளவு சத்தம் என்று வரிவரியாக எழுதியிருக்கும். அதில் ஒரு வரியின் பெயர் ‘எம்_பிட்ச்’. அதன் மதிப்பு 0.022. அந்த எண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு கழித்தல் குறியைச் சேர்த்துக் கோப்பை மூடினால் ஆட்டம் வேறொன்றாகிவிடும். துப்பாக்கி அதேதான், எதிரிகளும் அதே இடத்தில்தான் ஒளிந்திருப்பார்கள். ஆனால் மவுஸை முன்னே தள்ளினால் இதுவரை அண்ணாந்து பார்த்த தலை இப்போது குனியும், தன் பக்கம் இழுத்தால் நிமிரும். கோப்பைத் திறக்கத் தயங்குகிறவர்களுக்காக மெனுவிலும் ‘இன்வெர்ட் மவுஸ்’ என்று ஒரு வரி வைத்திருந்தார்கள். அதைத் தட்டினால் கணினி செய்வதும் இதே வேலைதான். எண்ணின் குறியை மாற்றிப் போடும்.

வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் இந்தக் குறியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது. மீதிப் பேரில் சிலர் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் கதைக்குள் போகும் முன்பே செட்டிங்ஸில் நுழைந்து இதை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். இழுத்தால் நிமிர வேண்டும், தள்ளினால் குனிய வேண்டும். அப்படி இல்லாத ஆட்டத்தில் நான் நடப்பதில்லை, யாரோ ஒருவனை நடத்திக்கொண்டு போகிறேன். ஆட்டத்தின் படங்களையும் கதையையும் இசையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆட்டம் கைக்குப் பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் பெரும்பாலும் இதுபோன்ற ஒரு வரியில்தான் தீர்மானமாகிறது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கணினி என்று ஒன்று இல்லாத காலத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பரில் பறந்த விமானத்தில் இன்று நாம் நினைக்கிற மாதிரி கைப்பிடிக் கம்பு கிடையாது. ஓட்டுகிறவர் இறக்கையின் மேல் குப்புறப் படுத்திருப்பார். இடுப்பை அசைத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். மேலே கீழே போவதற்கு இடது கையில் ஒரு நெம்புகோல். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் வேறொரு வழியைப் பிடித்தார். அவருடைய விமானத்தில் ஓட்டுநர் தோளைச் சாய்த்துத்தான் விமானத்தைச் சாய்க்க வேண்டும், அதற்கென்று தோளை அணைத்தபடி ஒரு சட்டம் இருந்தது. பிரான்சில் ரோபேர் எஸ்னோ-பெல்டெரி ஒற்றைக் கம்பு ஒன்றால் விமானத்தை ஆள முயன்றார். லூயி ப்ளேரியோவும் கால்களுக்கு நடுவே நிற்கும் ஒரு கம்பைப் பயன்படுத்தினார். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை அவர் பறந்து கடந்தது அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு விமானத்தில் பழகியவர் இன்னொன்றில் ஏறினால் உடம்பு முழுவதும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்த காலம் அது.

முதல் உலகப் போர் வருவதற்குள் கம்பு மற்றவற்றை முந்திவிட்டது. நடுவில் கைக்கு ஒரு கம்பு, காலுக்கு ஒரு குறுக்குச் சட்டம். கம்பை இழுத்தால் மூக்கு மேலே, தள்ளினால் மூக்கு கீழே. கம்பிலிருந்து வாலில் இருக்கும் தகட்டுக்குக் கம்பி போகிறது. கம்பியைக் குறுக்கே மாற்றிக் கட்டினால் திசையும் மாறிவிடும், அதற்குப் பெரிய பொறியியல் ஒன்றும் தேவையில்லை. ஆகவே இழுத்தால் மேலே என்பது இரும்பு போட்ட கட்டளை இல்லை, மனிதர்கள் செய்த தேர்வு. உட்கார்ந்திருக்கும் ஆள் பின்னால் சாய்ந்தால் அவர் முகம் வானத்தைப் பார்க்கும், முன்னால் கவிழ்ந்தால் தரையைப் பார்க்கும். கம்பும் அவரோடு சேர்ந்து சாய்கிறது. விமானத்தை ஓட்டுகிறவருக்கு அது எதிர்த்திசையாகவே தோன்றாது. முன்னால் இருக்கும் கண்ணாடியை ஒரு படமாகப் பார்த்து, படத்தில் ‘மேல்’ என்றால் கையும் ‘மேலே’ போக வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான் அது தலைகீழ்.

கை ஒரு பக்கம், வண்டி எதிர்ப்பக்கம் என்பது விமானத்தைவிட மிகப் பழைய சங்கதி. நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ ஃபைபர் படகின் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் கைப்பிடியைப் பிடித்திருப்பவரைக் கவனித்தால் தெரியும். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். சுக்கான் பிடித்த மாலுமிகள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். பெரிய கப்பல்களில் கைப்பிடிக்குப் பதிலாகச் சக்கரம் வந்த பிறகும், கட்டளை மட்டும் பழைய சுக்கான் கைப்பிடியின் திசையிலேயே நெடுங்காலம் ஒலித்தது. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் முதல் அதிகாரி மர்டாக் பனிப்பாறையைக் கண்டதும் வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லைச் சொல்லித்தான் ஆணையிட்டார். கப்பல் இடப்பக்கம் திரும்பியது. அதில் பிழையில்லை, அன்றைய வழக்கமே அதுதான். 1930களில்தான் அந்த முறை பரவலாகக் கைவிடப்பட்டது. வண்டி மாறிய பிறகும் கையின் பழக்கம் சொல்லில் தங்கிவிடுகிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கேம்களிலும் பிறகு நடந்தது அதுவே.

விமானத்திலிருந்து கம்பு கழன்று தனியே வந்த நாள் முக்கியமானது. 1926இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த சி. பி. மிரிக் என்பவர், இரண்டு அச்சுகளில் அசையும் மின்சாரக் கம்புக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் கம்புக்கும் தகட்டுக்கும் நேரடித் தொடர்பு வேண்டியதில்லை, கையின் அசைவு மின்குறியாக மாறி எங்கோ இருக்கும் பொருளை நடத்தலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஹென்ஷெல் 293 என்ற பறக்கும் குண்டை விமானத்திலிருந்து வானொலி வழியே செலுத்தியது இப்படியொரு சிறு கம்பால்தான். குண்டுக்குள் யாரும் இல்லை. ஆள் ஓரிடத்தில், அவர் ஓட்டும் பொருள் இன்னோரிடத்தில். இன்று கண்ட்ரோலரைப் பிடித்து சோஃபாவில் உட்கார்ந்திருப்பவரின் நிலையும் அதுவே. அந்தக் கருவி பிறந்தது கடற்படை ஆய்வகத்தில், வளர்ந்தது போரில் என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மிரிக்கின் காப்புரிமையை ஒட்டிய காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவர் தரையை விட்டு எழும்பாத விமானம் ஒன்றைச் செய்தார். அவர் குடும்பம் ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் தொழிலில் இருந்தது. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே, குட்டையான இறக்கைகள் கொண்ட ஒரு பெட்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயவைத்தார். உள்ளே உட்கார்ந்தவர் கம்பை இழுத்தால் பெட்டியின் மூக்கு நிமிரும். 1934இல் அமெரிக்க ராணுவம் இதை வாங்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான விமானிகள் இந்தப் பெட்டிகளில் பாடம் படித்தார்கள். ஆபத்தில்லாமல், தோற்றால் மறுபடி தொடங்கி, கையைப் பழக்கிக்கொள்ளும் பெட்டி. வீடியோ கேமின் முன்னோர்களில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

கம்பு வீடுகளில் பரவியது 1977இல் வந்த அட்டாரியின் கேம் பெட்டியோடு. கறுப்பு ரப்பர் கம்பு, ஒரு சிவப்புப் பொத்தான். ஆனால் இங்கே வந்ததும் அதன் இயல்பு மாறிப்போனது. அட்டாரி ஆட்டங்கள் தட்டையானவை. திரை என்பது மேசை மேல் விரித்த காகிதம். கம்பை முன்னே தள்ளினால் உருவம் திரையின் மேற்பக்கம் போகும், இழுத்தால் கீழ்ப்பக்கம் வரும். அதில் ஆழம் கிடையாது, மூக்கும் கிடையாது. அந்தக் கம்போடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘முன்னே என்றால் மேலே’ என்பது கையில் ஊறிவிட்டது. அதே சமயம் ப்ரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்காக விமான ஆட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1982இல் அது மைக்ரோசாஃப்டின் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. சிகாகோ நகரின் ஏரிக்கரை விமானத்தளத்திலிருந்து சிறு விமானம் ஒன்றை மேலே கிளப்ப வேண்டும். இவ்வகை ஆட்டங்களில் கம்பு தன் பழைய இயல்புக்குத் திரும்பியது. இழுத்தால் மேலே. 1987இல் சேகாவின் ‘ஆஃப்டர் பர்னர்’, 1990இல் ‘விங் கமாண்டர்’, 1993இல் ‘எக்ஸ்-விங்’ என்று வானில் பறக்கும் ஆட்டங்கள் வரிசையாக வந்து இந்தப் பழக்கத்தை இன்னொரு கூட்டத்தின் கையில் ஏற்றின. ஒரே கருவி, ஒரே தலைமுறை, இரண்டு எதிரெதிர் பாடங்கள்.

இரண்டும் சந்திக்காதவரை சிக்கல் இல்லை. 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ ஆட்டத்தில் உலகம் முப்பரிமாணமாகத் தெரிந்தாலும் தலையைத் தூக்கவே முடியாது. எதிரி மாடியில் நின்றால், அவன் இருக்கும் திக்கைப் பார்த்துச் சுட்டாலே போதும், குண்டு தானாக ஏறிக்கொள்ளும். கழுத்து இல்லாத வீரனுக்கு எந்தப் பக்கம் மேல் என்ற கேள்வி ஏன் வரப்போகிறது? மறு ஆண்டு பங்கி நிறுவனம் மேக் கணினிக்கு வெளியிட்ட ‘மாரத்தான்’ ஆட்டத்தில் மவுஸால் சுற்றுமுற்றும், மேலும் கீழும் பார்க்க முடிந்தது. பின்பு குவேக் வந்தது. நடப்பவனின் கால், பறப்பவனின் கழுத்து. எந்தப் பாடத்தைப் பின்பற்றுவது என்று அப்போதுதான் கேட்க வேண்டிவந்தது.

குவேக்கின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றைத் தொடக்கமாக வைத்து மற்றதைத் திறந்து விட்டது. 1999 டிசம்பரில் அதன் மூல நிரலையே பொதுவில் வெளியிட்டதால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கலாம். மவுஸ் நகரும்போது துடிப்பு துடிப்பாகக் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பையும் வேகத்தின் மதிப்பால் பெருக்கி, மறுபடி 0.022ஆல் பெருக்கினால் தலை எத்தனை பாகை சாய வேண்டும் என்பது வரும். வேகத்தின் தொடக்க மதிப்பு 3. ஆக ஒரு துடிப்புக்கு 0.066 பாகை. அங்குலத்துக்கு 400 துடிப்பு தரும் மவுஸ் என்றால், ஓர் அங்குல நகர்வில் தலை 26.4 பாகை சாயும். குனிவதற்கு 80 பாகை, நிமிர்வதற்கு 70 பாகை என்று வரம்பும் உண்டு. இந்தப் பெருக்கலில் 0.022 கழித்தல் எண்ணாக இருந்தால் எல்லாமே எதிர்த்திசையில் நடக்கும். வேறொன்றையும் தொட வேண்டியதில்லை. விமானத்தில் கம்பியைக் குறுக்கே மாற்றிக் கட்டும் வேலையை இங்கே ஓர் எழுத்து செய்கிறது.

குவேக்கின் என்ஜினை வாங்கித் திருத்தித்தான் வால்வ் நிறுவனம் 1998இல் ‘ஹாஃப்-லைஃப்’ செய்தது. அதன் மேல் எழுந்தது ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’. 0.022 என்ற எண் அப்படியே அந்த வழியில் இறங்கி வந்தது, இன்றும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் இருக்கிறது. என்ஜின்கள் மாறின, படங்கள் மாறின. இந்த எண்ணில் எத்தனையோ பேருடைய மணிக்கட்டின் பழக்கம் அடங்கியிருப்பதால் அதன் மேல் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நம் ஊர்களுக்கு இந்தக் குறி வந்தது கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 வழியாக. 2000களில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, நான்கைந்து கணினிகளை லேனில் இணைத்து ஆடிய கூட்டத்துக்கு அது தெரியும். ஆப்ஷன்ஸில் மவுஸ் என்ற பக்கத்தில் ‘ரிவர்ஸ் மவுஸ்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். கணினி பொதுச்சொத்து, ஆனால் கை அவரவருடையது. முன்னால் ஆடியவன் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போயிருந்தால், அடுத்து உட்காருகிறவன் முதல் சண்டையில் எதிரியின் தலையைக் குறிவைத்துத் தரையைச் சுடுவான். “எவன்டா செட்டிங்ஸ மாத்துனது?” என்ற கூச்சல் எழும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டும், செத்துக் கிடக்கும் நேரம் அதற்கு உதவும். தலைகீழாக ஆடுகிறவர்களை அங்கே கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். நாங்கள் குறைவான பேர். ஆனால் அந்த அறைக்குள் ஒருவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் மவுஸ் வேகத்தை மாற்றுவான், ஒருவன் விசைப்பலகையை ஓரமாகச் சாய்த்து வைப்பான், ஒருவன் துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றிக்கொள்வான். கூர்ந்து பார்த்தால், ஒன்றையும் மாற்றாமல் ஆடியவர்கள் அதிகம் இல்லை.

கன்சோல்களில் கதை வேறு மாதிரி போனது. 1997இல் ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64க்குச் செய்த ‘கோல்டன்ஐ 007’ ஆட்டத்தில், கட்டைவிரலால் அசைக்கும் சிறு கம்பு ஒன்றுதான். அதில் குறிவைக்கும்போது இழுத்தால் மேலே என்பதே தொடக்க அமைப்பு. வேறு மாதிரி வேண்டுகிறவர்கள்தான் மெனுவில் தேடி மாற்ற வேண்டும். ஒரு தலைமுறைக் கன்சோல் பிள்ளைகள் விமானத்தில் ஏறாமலேயே விமானியின் கையோடு வளர்ந்தார்கள். பிறகு இரண்டு கம்புகள் கொண்ட கண்ட்ரோலர்கள் பரவின. இடது கம்பில் கால், வலது கம்பில் கழுத்து என்று இன்று நாம் யோசிக்காமல் செய்வதை 2000இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஏலியன் ரெசரெக்‌ஷன்’ முன்வைத்தபோது, அந்த அமைப்புதான் ஆட்டத்திலேயே மிகவும் பயமுறுத்துகிற விஷயம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். கை பழகாத எதுவும் முதலில் அப்படித்தான் தெரியும்.

2001 நவம்பரில் வந்த ‘ஹேலோ’ இந்தக் குறியின் வரலாற்றில் மிக அழகான இடம். செய்தவர்கள் மாரத்தானைச் செய்த அதே பங்கி. ஆட்டம் தொடங்கும்போது வீரன் ஒரு விண்கப்பலில் உறைநிலைப் பெட்டியிலிருந்து எழுகிறான். பக்கத்தில் நிற்கும் தொழில்நுட்பப் பணியாளர் அவன் கவசத்தைச் சோதிக்கிறார். சுற்றியிருக்கும் விளக்குகளை மேலும் கீழுமாகப் பார்க்கச் சொல்கிறார். அது கவசத்துக்கான சோதனை இல்லை, நமக்கானது. எந்தத் திசை நம் கைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துகொண்டு ஆட்டம் அதன்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. ‘ஒய்-அச்சைத் தலைகீழாக்கவா?’ என்று மெனுவில் கேட்டால் பலருக்கு விடை தெரியாது, அச்சு என்றால் என்ன என்று யோசிக்க வேண்டும். ‘மேலே பார்’ என்று சொன்னால் யாரும் யோசிப்பதில்லை, கட்டைவிரல் முந்திக்கொள்ளும். விருந்தாளி எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று பார்த்துத் தண்ணீர்க் குவளையை மறுபக்கம் வைக்கிற வீட்டுக்காரரின் கவனம் அதில் இருக்கிறது.

சரி, ஏன் சிலருக்கு மட்டும் இப்படி? ஆடுகிறவர்களிடம் தயாரான விடைகள் உண்டு. ‘சின்ன வயதில் விமான ஆட்டம் ஆடினேன்’ என்பது ஒன்று. இன்னொன்று தலையை வைத்துச் சொல்வது. கம்பு என்பது ஆட்டத்துக்குள் இருப்பவனின் உச்சந்தலையில் வைத்த கை, பின்னால் இழுத்தால் முகம் நிமிரத்தானே வேண்டும்? எதிர்த்தரப்பு, கம்பு என்பது கண் பார்க்கும் இடத்தைச் சுட்டும் விரல், மேலே பார்க்க மேலே காட்டு, அவ்வளவுதான் என்கிறது. இந்தச் சண்டையில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். என் தரப்பின் வாதங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

2020இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் கீத் ஸ்டூவர்ட் இதைப் பற்றி எழுதியபோது வாசகர்கள் திரண்டு வந்து தங்கள் விளக்கங்களைக் கொட்டினார்கள். லண்டன் ப்ரூனெல் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் கார்பெட், யாப் முன்னெகே என்ற இரு ஆய்வாளர்கள் இதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். பெருந்தொற்றுக் காலம், ஆய்வகம் மூடியிருந்தது. ஆடுகிறவர்களை வீட்டிலிருந்தே சோதனைகளில் உட்காரவைத்தார்கள். ஓர் உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பது, திரையில் ஒரு பக்கம் தோன்றுவதற்கு மறுபக்கக் கையால் விடை சொல்வது போன்ற சோதனைகள். 2025இல் முடிவு வெளியானது. ஆடுகிறவர்கள் சொன்ன காரணங்கள் எதற்கும் அவர்கள் உண்மையில் எப்படி ஆடுகிறார்கள் என்பதோடு தொடர்பில்லை. எதைப் பார்த்து வளர்ந்தார்கள், எந்த ஆட்டத்தை முதலில் ஆடினார்கள் என்பதெல்லாம் பொருட்டாக இல்லை. மனத்தில் உருவத்தைச் சுழற்றும் வேகம்தான் பொருட்டாக இருந்தது. வேகமாகச் சுழற்றுகிறவர்கள் தலைகீழாக ஆடுவது குறைவு. தலைகீழாக ஆடுகிறவர்கள் சற்று மெதுவானவர்கள், ஆனால் விடையில் கொஞ்சம் கூடுதல் துல்லியம். சிலசமயம் இப்படி, சிலசமயம் அப்படி என்கிறவர்கள்தான் எல்லோரிலும் மெதுவானவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, இந்தக் குறியின் மேல் மரியாதை கூடியது. விமானிகளின் கையிலிருந்து அது கேமுக்குள் வந்தது என்பது உண்மை. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் மெனுவில் அந்த வரியே வந்திருக்காது. ஆனால் வந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டவர்கள் விமானிகளின் வாரிசுகள் இல்லை. வெளியை வேறுவிதமாக உள்வாங்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதவு எதேச்சையாகத் திறந்தது.

அப்படியானால் பழகிக்கொள்ள முடியாதா? முடியும். கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் 1890களிலேயே இதைத் தன் மேல் சோதித்துப் பார்த்தார். உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை நாள்கணக்கில் அணிந்து நடமாடினார். முதலில் தடுமாற்றம், குமட்டல். எட்டு நாள் நீண்ட சோதனையின் முடிவில் கையும் காலும் புதிய காட்சிக்கு இணங்கி வேலை செய்யத் தொடங்கின. ப்ரூனெல் ஆய்வாளர்களும், வழக்கமாக ஆடும் முறைக்கு எதிரானதைச் சில மணி நேரமாவது முயன்று பாருங்கள், ஒருவேளை அதுவே உங்களுக்கு நன்றாக அமையலாம் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் பழக முடியும் என்பதற்காகப் பழகியே தீர வேண்டும் என்று ஓர் ஆட்டம் கட்டாயப்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். மாலை வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆட உட்காருகிறவரிடம் எட்டு நாள் தடுமாறு என்று சொல்வது நியாயமில்லை, அதுவும் ஒரு கழித்தல் குறியைச் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு இவ்வளவுதான் என்னும்போது.

கேம் ஆடாதவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. 2011 ஜூலையில் ஆப்பிள் தன் ‘லயன்’ இயங்குதளத்தில் உருட்டும் திசையைத் திருப்பிப் போட்டது. அதுவரை விரலைக் கீழே நகர்த்தினால் பார்வை பக்கத்தின் கீழே போகும். அதன் பிறகு விரலைக் கீழே நகர்த்தினால் பக்கம் கீழே வரும், பார்வை மேலே போகும். ஐபோனில் காகிதத்தை விரலால் தொட்டு நகர்த்திப் பழகிய கைகளுக்கு அது இயல்பு. மற்றவர்களுக்காக அங்கேயும் ஒரு டிக் கட்டம் வைத்தார்கள். நம் கையிலிருக்கும் போனிலேயே இரண்டு சட்டங்களும் அருகருகே இருக்கின்றன. பப்ஜி ஆடும்போது விரலை வலப்பக்கம் இழுத்தால் பார்வை வலப்பக்கம் திரும்புகிறது. அதே போனில் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து விரலை வலப்பக்கம் இழுத்தால் தெரு வலப்பக்கம் நகர்ந்து பார்வை இடப்பக்கம் திரும்புகிறது. ஒன்றில் விரல் கண்ணைப் பிடித்திருக்கிறது, மற்றொன்றில் உலகத்தைப் பிடித்திருக்கிறது. பப்ஜி ஆடும் பையன் இரண்டுக்கும் நடுவே ஒரு நாளில் எத்தனையோ தடவை தாவுகிறான், அவனுக்கு அது தெரிவதுகூட இல்லை.

குறியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை, கிளைத்தது. ‘பேட்டில்ஃபீல்ட்’ வரிசை ஆட்டங்களில் நடக்கும்போது ஒன்று, விமானத்தில் ஏறினால் ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தரையில் விரல் சுட்டுகிற திசையில் பார்க்கிறவர்கள் பலர், விமானத்துக்குள் போனதும் இழுத்து மேலேறுகிறார்கள். மூன்றாம் ஆள் பார்வையில் ஆடும் ஆட்டங்களில், நம் வீரனைச் சுற்றி வரும் கேமராவுக்கு இடவலமும் தலைகீழாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேமராவை வலப்பக்கம் நகர்த்தினால் காட்சி இடப்பக்கம்தானே திரும்பும்? அவர்கள் கேட்பதும் சரிதான்.

இன்னொரு நகர்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் இந்த விருப்பம் ஆட்டத்தின் மெனுவிலிருந்து ஆடுகிறவரின் கணக்குக்குப் போனது. ஒருமுறை சொல்லிவிட்டால், புதிய ஆட்டம் அதைப் படித்துத் தானே அமைத்துக்கொள்ளும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இலும் அப்படியே. தன் கண்ணால் பார்க்கும் ஆட்டங்களுக்கு ஒன்று, முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் ஆட்டங்களுக்கு ஒன்று என்று அங்கே பிரித்தே கேட்கிறார்கள். கேட்டதை எல்லா ஆட்டங்களும் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த பெரிய ஆட்டங்கள்கூட இந்த ஒரு வரி இல்லாமல் வெளியாகின்றன. பிறகு ஆடுகிறவர்கள் கேட்டுக் கேட்டு, சில வாரங்களில் வரும் திருத்தத்தில் அதைச் சேர்க்கிறார்கள். திருத்தக் குறிப்புகளை நான் வரிவிடாமல் படிப்பது அதற்காகத்தான். புதிய ஆயுதம், புதிய வரைபடம், சரிசெய்த பிழைகள் எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியில் எங்காவது அது இருக்கும். இருந்தால் அன்றைக்கே வாங்கிவிடுவேன்.